மேடையை விட்டு இறங்கியவர்கள்



2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு சிறு செய்தி வெளியாயிற்று. பீட் பெஸ்ட் என்னும் 83 வயது டிரம்ஸ் கலைஞர் இனித் தாம் மேடை ஏறப் போவதில்லை என்று அறிவித்திருந்தார். உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாமோ அச்செய்தியைப் படித்துவிட்டு, கையிலிருந்த காப்பி ஆறுவதையும் கவனியாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் கோவையில் ரேடியோப் பெட்டியின் முன் தவம் கிடந்த பையன்களின் முகங்களெல்லாம் மனக்கண்முன் வந்து நின்றன. அவற்றுள் ஒரு முகத்தை மட்டும் நம்மால் நேர்நின்று பார்க்க இயலவில்லை. அது ஏன் என்பதை முடிவில் சொல்வோம்.

ஒரு குடும்ப இதழில் ஆங்கிலேயப் பாட்டுக்காரர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்தப் பாட்டுக்காரர்களும் தாய் தந்தையர்க்குப் பிறந்து, மனைவி மக்களோடு வாழ்ந்து, வீட்டு வாடகைக்கும் ரொட்டிக்கும் உழைத்தவர்கள்தாம். அவர்கள் மேடையில் நின்ற சில ஆண்டுகளை யாவரும் அறிவர். மேடையை விட்டு இறங்கிய பின் வாழ்ந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளே நம்மைப் போன்றவர்களுக்குப் பாடம்.

1963, 1964ஆம் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ரேடியோ வைத்திருப்போர் அதற்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் மட்டுமே வால்வு ரேடியோ இருந்தது. விசையைத் திருப்பினால் சூடேறிப் பேசுவதற்கே சற்று நேரமாகும். பெரியவர்கள் இலங்கை வானொலியில் தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்டு முடித்த பின்னர், பையன்களாகிய நாம் முள்ளை மெல்ல நகர்த்தி அவ்வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைத் தேடுவோம். சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே மூன்று கிதார்களும் ஒரு டிரம்ஸும் சேர்ந்து துள்ளும் ஓசை கடலலைபோல் ஏறி இறங்கி வரும். சொற்கள் பாதி புரியா. எனினும் கால்கள் தாமே தாளம் போடும்.

போத்தனூருக்குப் போனால் அதே பாடல்களை நேரிலேயே கேட்கலாம். இரயில்வே ஓட்டுநர்களும் கார்டுகளுமாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. கிறிஸ்மஸ் நாட்களில் அவர்தம் வீடுகளிலிருந்து கிதார் ஒலி தெருவுக்கு வரும். வேலிக்கு வெளியே நின்று கேட்கும் எங்களை உள்ளே அழைத்துக் கேக் தந்த அம்மையார் ஒருவரை இன்றும் மறக்கவில்லை. அக்குடும்பங்களில் பல பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. பாட்டு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

1964இல் அந்தத் துள்ளல் தமிழ் பேசிக்கொண்டே கொங்கு நாட்டுக்கு வந்தது. இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்துக்காக விசுவநாதன்–இராமமூர்த்தி இருவரும் மேனாட்டுத் துள்ளிசையில் ஒரு பாடலை அமைத்தனர். வேலை கேட்டு முதலாளியின் மாளிகை முன் இளைஞர்கள் ஆடிப்பாடும் அக்காட்சி, நம் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணைப்பகுதியில் படமாக்கப்பட்டது. ஆழியாற்றுக்கு உல்லாசப் பயணம் போன மாணவர்கள் அந்த விருந்தினர் மாளிகையைத் தேடிப் போய், அதே போல் ஆடிப் பார்த்து, காவலாளியிடம் திட்டு வாங்கித் திரும்பியது தனிக்கதை.

‘பீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே தாள அடி என்பது பொருள். பீட் பெஸ்டின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாய்த் தோன்றுகின்றன. ஆகவே இனி அவரைப் பெஸ்ட் என்றே குறிப்போம். பாடுவோரும் கிதார் வாசிப்போரும் தாளம் தட்டுவோருமாக நால்வர் அல்லது ஐவர் சேர்ந்தால் ஒரு பீட் குழு. பெரிய வாத்தியக் குழு வேண்டா. இசைக் கல்லூரிப் பட்டமும் வேண்டா.

அதன் தொடக்கம் இன்னும் எளியது. 1950களின் நடுவில் லானி டானகன் என்பவர் புகழ்பெறச் செய்த ‘ஸ்கிஃபில்’ என்னும் இசைக்கு ஒரு மலிவான கிதாரும், துணி துவைக்கும் பலகை ஒன்றும், தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டிய ஒரு கருவியுமே போதும். ஏழைப் பையன்கள் துவைக்கும் பலகையை விரல் உறையால் தேய்த்துத் தாளம் போட்டனர். அந்நாளில் நம் ஆனைமலைத் தேயிலையும் நீலகிரித் தேயிலையும் அத்தகைய மரப்பெட்டிகளிலேதான் கடல் கடந்தன. நம் மலைகளில் கிள்ளிய கொழுந்தைச் சுமந்து சென்ற பெட்டி ஏதேனும் ஒரு லிவர்ப்பூல் சிறுவனின் கையில் வாத்தியமாக மாறியிருக்கக் கூடாதா என்று எண்ணி மகிழ்வது நம் வழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் இளைஞர் யாவரும் கட்டாய இராணுவப் பணிக்குப் போக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியோடு அதற்கு ஆள் எடுப்பது நின்றது. துப்பாக்கி ஏந்த வேண்டிய கைகள் கிதார் ஏந்தின. லிவர்ப்பூல் என்னும் ஒரே துறைமுக நகரில் நூற்றுக்கணக்கான குழுக்கள் முளைத்தன.

இவ்வரலாற்றின் பெரும் சந்திப்பு ஒன்று கோயில் விழாவில் நிகழ்ந்தது என்றால் நம் பங்கு இளைஞர்கள் மகிழ்வார்கள். 1957 ஜூலை 6ஆம் நாள், லிவர்ப்பூலின் ஊல்ட்டன் பகுதியில் ஆங்கிலிக்கன் சபையாரின் தூய பேதுரு ஆலய விழா. அங்கே பாடவந்த குழுவின் தலைவன் 16 வயது ஜான் லெனன். வேடிக்கை பார்க்க வந்தவன் 15 வயது பால் மெக்கார்ட்னி. அன்று அவர்கள் அறிமுகமானார்கள். பாலின் தாய் மேரி ஒரு கத்தோலிக்கப் பெண்மணி, மருத்துவச்சி. அதற்கு முந்தைய ஆண்டுதான் மறைந்திருந்தார். 1970இல் வெளிவந்த ‘லெட் இட் பீ’ பாடலில் மரியன்னை என வருவதைத் தேவமாதா என்றே நாம் பல்லாண்டு எண்ணியிருந்தோம். கனவில் வந்து ஆறுதல் சொன்ன தம் சொந்தத் தாயையே பாடியதாக மெக்கார்ட்னி பின்னர் விளக்கினார். இரண்டு பொருளும் நமக்கு இனிக்கவே செய்கின்றன.

இனிப் பெஸ்டின் கதைக்கு வருவோம். அவர் பிறந்தது நம் சென்னை நகரில், 1941 நவம்பர் 24ஆம் நாள். தாய் மோனா டில்லியில் பிறந்தவர். 1945ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பம் கப்பலேறி லிவர்ப்பூல் சேர்ந்தது. மோனா துணிச்சல்காரி. 1954இல் தம் நகைகளை அடகு வைத்து, டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு முப்பத்து மூன்று தரும் குதிரையொன்றின்மீது பணம் கட்டி வென்றார். அப்பணத்தைக் கொண்டு பெரிய வீடு ஒன்றை வாங்கினார் என்பது குடும்ப வரலாறு. (நம் இல்லத்தரசியர் யாரும் இதைப் பின்பற்ற வேண்டா. தோற்ற தாய்மாரின் கதைகளை யாரும் எழுதி வைப்பதில்லை.)

அவ்வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்டு 29ஆம் நாள் மோனா இளைஞர்களுக்காக ‘காஸ்பா’ என்னும் காப்பி மன்றத்தைத் திறந்தார். பிள்ளைகள் கண்ட இடங்களில் திரிவதைவிடத் தம் கண்ணெதிரே பாடட்டும் என்பது அந்தத் தாயின் எண்ணம். சுவருக்கும் கூரைக்கும் வண்ணம் பூசியவர்களுள் லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் உண்டு. திறப்பு நாளில் பாடியவர்களும் அவர்களே. மறு ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது, டிரம்ஸ் தட்ட ஆள் இல்லாமல் மோனாவின் மகனை அழைத்துக்கொண்டார்கள். பீட்டில்ஸ் என்னும் பெயரோடு இரவு முழுதும் பாடி, பகலில் இழிந்த அறைகளில் உறங்கி, இரண்டாண்டுகள் ஒன்றாகப் பாடுபட்டார்கள்.

புகழ் வாசற்படிக்கு வந்துவிட்டது. 1962 ஜூன் மாதத்தில் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவு நடந்தது. பெஸ்டின் தாளம் பதிவுக்குப் போதாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கருதினார். ஆகஸ்டு 16ஆம் நாள் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பெஸ்டைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, இனி நீ குழுவில் இல்லை என்று தெரிவித்தார். இரண்டாண்டுகள் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்ற தோழர் மூவரில் ஒருவரும் அங்கே வரவில்லை. இரண்டே நாளில் ரிங்கோ ஸ்டார் அவ்விடத்தில் அமர்ந்தார். அக்டோபர் 5இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன்பின் நடந்ததை உலகமே அறியும். தாங்கள் நேரில் சொல்லாமல் மேலாளரை அனுப்பியது கோழைத்தனம் என்று லெனனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இருபது வயது இளைஞன் ஒருவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். வானொலியைத் திருப்பினால் அவர்கள் பாட்டு. செய்தித்தாளைப் பிரித்தால் அவர்கள் முகம். வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார், எடுபடவில்லை. மனமுடைந்த ஒரு நாளில் உயிரையே விடத் துணிந்தார். தாயும் தம்பியும் கதவை உடைக்காத குறையாக வந்து காத்தனர். அதன்பின் அவர் செய்ததுதான் பெரிது. ரொட்டி ஆலையில் வண்டியில் ரொட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். மனைவியும் இரு பெண் மக்களும் இருந்தனர், உழைத்தாக வேண்டும். பின்னர் அரசுப் பணியில் சேர்ந்து, லிவர்ப்பூல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிபுரிந்தார். வேலை இழந்து வருவோர்க்கு வேலை தேடித் தருவது அவர் கடமையாயிற்று. ஒரே நாளில் வேலை போனவனின் முகம் எப்படியிருக்கும் என்பதை அவரைவிட நன்கறிந்த அலுவலர் வேறு யார் இருந்திருக்கக் கூடும்? மில்கள் மூடிய காலத்துக் கோவையைக் கண்ட நமக்கு இது விளக்காமலே விளங்கும்.

1988இல்தான் மீண்டும் மேடையில் டிரம்ஸின் முன் அமர்ந்தார். பிறகு தம்பி ரோகுடன் சேர்ந்து குழு அமைத்து உலகெங்கும் சென்று வாசித்தார். 1995இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்தபோது, அவர் தட்டிய பத்துப் பதிவுகள் அதில் இடம்பெற்றன. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருக்குரிய பங்கும் கைக்கு வந்தது. லிவர்ப்பூலில் இன்று அவர் பெயரால் ஒரு தெருவும் உண்டு.

அக்காலத்து மற்றவர்களையும் சுருக்கமாகக் காண்போம். 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனம் இரு குழுக்களின் பாட்டைக் கேட்டது. பீட்டில்ஸை வேண்டாம் என்று தள்ளி, பிரையன் பூல் தலைமையிலான டிரெமலோஸ் குழுவை ஏற்றது. அன்று வென்றவர் பூல். 1963இல் அவர்தம் பாட்டு இங்கிலாந்தில் முதலிடமும் பெற்றது. சில ஆண்டுகளில் அலை ஓய்ந்தது. குழுவைப் பிரிந்த பூல் தம் குடும்பத்தாரின் இறைச்சிக் கடைக்கே திரும்பிக் கத்தியைக் கையில் எடுத்தார். அதில் இழிவு என்ன இருக்கிறது? தள்ளப்பட்ட கல் மூலைக்கல் ஆனதையும், எடுக்கப்பட்ட கல் மீண்டும் வீட்டுச் சுவரில் பொருந்தியதையும் ஒரே கதையில் காண்கிறோம்.

ஸர்ச்சர்ஸ் குழுவில் நின்றுகொண்டே டிரம்ஸ் தட்டிப் பாடிய கிறிஸ் கர்ட்டிஸ், 1966இல் அக்குழுவை விட்டார். பின்னாளில் வருமானவரி அலுவலகத்தில் எழுத்தராகப் பல்லாண்டு உழைத்தார். அவர் விட்டுச்சென்ற குழுவோ ஓயவில்லை. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜான் மக்நாலி தமது 83ஆம் வயதில், 2025 ஜூன் 27ஆம் நாள், கிளாஸ்டன்பரி இசை விழாவில் இறுதி முறையாக வாசித்து விடைபெற்றார்.

டேவ் கிளார்க் ஃபைவ் குழுவின் பாடகர் மைக் ஸ்மித்தின் கதை நெஞ்சை உருக்கும். 2003இல் ஸ்பெயின் நாட்டிலிருந்த தம் வீட்டு வேலியிலிருந்து விழுந்து, உடல் செயலற்றுப் போனார். அவர் குழுவுக்கு அமெரிக்காவில் பெரும் விருது வழங்க நாள் குறித்திருந்தார்கள். விழாவுக்குப் பதினொரு நாட்களே இருந்தபோது, 2008 பிப்ரவரி 28இல் அவர் காலமானார்.

லிவர்ப்பூலின் ஜெரி மார்ஸ்டன் வேறு வழியில் நிறைவு கண்டவர். 1963இல் அவர் குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளும் முதலிடம் பெற்றன. அவற்றுள் மூன்றாவது, மனிதன் தனித்து நடப்பதில்லை என்று ஆறுதல் கூறும் பழைய நாடகப் பாட்டு. லிவர்ப்பூல் கால்பந்து இரசிகர்கள் அதைத் தம் கீதமாக்கிக் கொண்டார்கள். 1985இல் பிராட்ஃபோர்டு மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் மாண்டபோது, மார்ஸ்டன் பலரைக் கூட்டி அப்பாடலை மீண்டும் பதிந்து நிதி திரட்டினார். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் லிவர்ப்பூல் இரசிகர்கள் பலர் உயிரிழந்தபோதும் தம் பாட்டொன்றை அவ்வாறே தந்தார். 2021 ஜனவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். மேடையில் கிடைத்ததைத் துயருற்றோர்க்கே திருப்பித் தந்த வாழ்வு அது.

இப்போது, நேர்நின்று பார்க்க இயலவில்லை என்றோமே, அந்த முகத்துக்கு வருவோம்.

1971ஆம் ஆண்டில் நாமும் ஒரு குழு வைத்திருந்தோம். பள்ளி முடித்த நால்வர். போத்தனூர் நண்பர் விட்டுச்சென்ற பழைய கிதார் ஒன்று. கடன் வாங்கிய ஆர்மோனியம் ஒன்று. டிரம்ஸ் தட்டியவன் மில் தொழிலாளி ஒருவரின் மகன். பேண்டு செட்டாரிடம் கெஞ்சி வாங்கிய ஒற்றை மேளத்தையும், ஒரு தகர டின்னையும், எவர்சில்வர் தட்டு ஒன்றையும் கொண்டு அவன் எழுப்பிய தாளத்துக்குப் பங்கே எழுந்து ஆடும். இரண்டு கிறிஸ்மஸ் அவ்வாறு பாடினோம். மூன்றாம் ஆண்டு ஊர்த் திருவிழாவில் பெரிய மேடை கிடைத்தது. சொந்தமாக முழு டிரம்ஸ் செட் வைத்திருந்த இளைஞன் ஒருவன் சேர விரும்பினான். மற்ற மூவரும் கூடிப் பேசினோம். பழையவனை நீக்குவது என்று முடிவாயிற்று. அதை அவனிடம் யார் சொல்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இறுதியில் உபதேசியார் ஐயாவிடம் சொல்லி அனுப்பினோம். திருவிழா இரவில் அவன் கூட்டத்தின் ஓரத்தில், கோயில் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று நம் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். நாம் அப்பக்கமே திரும்பவில்லை.

அந்தக் குழு ஓராண்டில் கலைந்தது. அவன் லேத் பட்டறையில் சேர்ந்து, வேலை கற்று, பின்னர் சொந்தப் பட்டறை வைத்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினான். கோயிலில் கண்டால் புன்னகை செய்வான், நாமும் செய்வோம். ஐம்பது ஆண்டுகள் அந்தப் புன்னகைக்கு அப்பால் ஒரு சொல்லும் பேசினோமில்லை.

பெஸ்ட் பற்றிய செய்தியைப் படித்த அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனோம். (வயது எழுபதைத் தாண்டியவரை அவன், இவன் என்பது முறையன்று.) திண்ணையில் அமர்ந்து பேரனின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் செய்தித்தாளை நீட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்தபடியே சொன்னார்:

“மேளம் போனதுக்கு நான் வருத்தப்படலைங்க. அந்தப் பையன்கிட்ட நல்ல செட் இருந்துச்சு. அது எனக்கும் தெரியும். நீங்க மூணு பேருல ஒருத்தராச்சும் வூட்டுக்கு வந்து சொல்லுவீங்கன்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் காத்திருந்தேன். எங்கம்மா உங்களுக்கும் சேர்த்துத்தான் சோறு ஆக்கி வச்சிருந்தாங்க.”

நம்மால் பேச முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. அவரே எழுந்து உள்ளே குரல் கொடுத்தார்: “ஏம்மா, இவருக்கும் ஒரு தட்டு வை. அம்பது வருசம் கழிச்சுச் சாப்பாட்டுக்கு வந்திருக்காரு.” அன்று அவர் வீட்டில் உண்ட உணவை விவரிக்கத் தேவையில்லை. கை கழுவிய பின், வாசற்படியில் நின்று அந்த மன்னிப்பைக் கேட்டே விட்டோம். “அதுக்குத்தானுங்க சோறு போட்டது” என்றார்.

அன்பர்களே, பாடற்குழுவாயினும் பங்குப் பேரவையாயினும் பட்டறையாயினும், ஒருவரை இருந்த இடத்திலிருந்து விலக்க வேண்டிய நாள் சில வேளைகளில் வரத்தான் செய்யும். திறமை போதாமல் இருக்கலாம், காலமும் மாறலாம். அது குற்றமன்று. ஆயின் அச்செய்தியைப் பிறர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். நேரில் போய், அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் சினந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் துணிவில்லையாயின் விலக்கும் உரிமையும் நமக்கில்லை.

விலக்கப்பட்டவராய் இதைப் படிப்போருக்கும் ஒரு சொல். மேடை உங்களை விட்டுப் போயிருக்கலாம். தாளம் உங்கள் கைகளிலேயே இருக்கிறது. சென்னையில் பிறந்த ஒருவர் ரொட்டி ஏற்றியும், வேலையற்றோர்க்கு வழி காட்டியும், தம் மக்களை வளர்த்தும், காத்திருந்து மீண்டும் டிரம்ஸின் முன் அமர்ந்தார். நம் நண்பரோ பட்டறைச் சம்பாத்தியத்தில் வாங்கிய டிரம்ஸ் செட் ஒன்றை வீட்டின் பின்னறையில் வைத்திருக்கிறார். ஞாயிறு மாலைகளில் பங்குச் சிறுவர் ஐந்தாறு பேர் அங்கே கற்கிறார்கள். யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை என்று அச்சிறுவர்களே நமக்குச் சொன்னார்கள்.